நர்சம்மாவின் என்ஜின் சைக்கிள்

மே மாதக் கடைசி நாள் சால்வை போர்த்தி வழியனுப்பினார்கள். மறுநாள் காலை ஐந்தரைக்கே மெகருன்னிசா குளித்து, சேலை கட்டி, முக்காடு போட்டு வாசலில் நின்றாள். போவதற்குத்தான் இடமில்லை. கம்பத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் முப்பத்து நான்கு வருடம் கிராம சுகாதாரச் செவிலியாக வேலை பார்த்தவள். எந்த ஊரில் எந்த வீட்டில் எத்தனை மாதக் கர்ப்பிணி இருக்கிறாள் என்பது அவளுக்கு மனப்பாடம். அந்தக் கணக்கு ஓய்வு பெறவில்லை. தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

முதல் வாரம் சமையலறை டப்பாக்களை இடம் மாற்றி அடுக்கினாள். இரண்டாவது வாரம் பழையபடியே அடுக்கினாள். மூன்றாவது வாரம் கணவர் அப்துல் வாஹிதுக்குக் காலையும் மாலையும் ரத்த அழுத்தம் பார்க்க ஆரம்பித்தாள்.

"நீ கையில பட்டையச் சுத்தும்போதுதான் மெகரு எனக்குப் பிரஷரே ஏறுது" என்றார் அவர். "தோட்டத்துக்கு வேணா வா. என்னையப் போட்டு நோண்டாத."

தோட்டம் என்பது முக்கால் ஏக்கர் திராட்சைப் பந்தல். அங்கே மோட்டார் அறை மூலையில் புல் வெட்டும் மிஷின் ஒன்று கிடந்தது. தண்டு வளைந்து பிளேடு போய்விட்டது. என்ஜின் மட்டும் நன்றாக இருந்தது. அதன் மேல் சாய்ந்து நின்றது அவளுடைய பழைய சைக்கிள். முழங்கால் வலி வந்த பிறகு இரண்டு வருடமாக அவள் அதைத் தொடவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பஞ்சர் கடைகூட இல்லாத ஊர்களுக்குப் போக வேண்டியிருந்ததால், சைக்கிளைப் பிரித்துப் பூட்ட அவளுக்குத் தெரியும். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்த என்ஜினை எடுத்துக்கிறட்டாங்க?"

"எதுக்கு?"

"சைக்கிள்ல மாட்டலாம்னு."

வாஹித் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

கம்பத்தில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் கருத்தக்கண்ணனும் முதலில் எதுக்கு என்றுதான் கேட்டான். அவன் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தடுப்பூசி போட்டவள் அவள். "ஒரு ஸ்கூட்டி வாங்கிட்டுப் போகலாம்ல நர்சம்மா?"

"வாங்கினா அன்னிக்கே முடிஞ்சு போகும்" என்றாள்.

முடியத்தான் இல்லை. என்ஜின் சுற்றும் வேகத்துக்குச் சக்கரம் தாங்காது என்பதால், பின்சக்கரத்தின் இடப்பக்கம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பல்சக்கரம் ஒன்றைக் கடைந்து பூட்ட வேண்டியிருந்தது. பூட்டினால் செயின் நழுவியது. நேர்படுத்தினால் அதிர்வில் நட்டுகள் கழன்றன. சேலை சிக்காமலிருக்க எண்ணெய் டின்னை வெட்டித் தகடு செய்தாள். அது கடகடவென்று அடித்தது. பெட்ரோலில் கலக்க வேண்டிய ஆயிலை இருபது மில்லி ஊசிக்குழாயில் உறிஞ்சி அளந்தாள். தொழுகையில் நிற்கும்போதே எந்த போல்ட்டை மாற்ற வேண்டும் என்று தோன்றும். அவசரமாக முடித்து எழுந்துவிட்டு, அதற்காக வருந்துவாள். அப்புறம் ஸ்பேனரை எடுப்பாள்.

செப்டம்பரில் வண்டி ஓடியது. நாலு மிதி மிதித்து, ஆக்சிலேட்டரைத் திருகினால் கரகரவென்று பிடித்துக்கொண்டு இருபது கிலோமீட்டர் வேகத்தில் போனது.

"போலீஸ் மறிச்சா என்ன சொல்லுவ?" என்றார் வாஹித்.

"பெடல் இருக்குல்ல, சைக்கிள்னு சொல்லுவேன்."

அன்று புதன்கிழமை. தடுப்பூசி நாள். வெள்ளோட்டம் பார்க்கத்தான் கிளம்பினாள். ஆனால் நின்ற இடம் ஓடைக்கரைப்பட்டி துணை சுகாதார நிலையம். அவளுடைய பழைய இடம். பெண்கள் பிள்ளைகளோடு வண்டியைச் சுற்றி நின்று சிரித்தார்கள். புதிதாக வந்திருந்த மகிமா என்ற இளம் செவிலி, "வாங்க மேடம்" என்று நாற்காலி எடுத்துப் போட்டாள். அடுத்த புதனும் போனாள். இந்தப் பிள்ளைக்கு எடை குறைகிறதே, அந்தக் குடும்பம் தோட்ட வேலைக்குக் கேரளாவுக்குப் போய்விட்டதா, இன்னாருக்கு ஸ்கேன் எடுத்தாயா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது புதன் மகிமா நாற்காலி போடவில்லை. மெகருன்னிசா கவனித்தாள். கவனிக்காதவள் போலத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அன்று திரும்பும் வழியில் அதே ஊர் திரிஷா மறித்தாள். முதல் கர்ப்பம், ஐந்தாம் மாதம்.

"சத்து மாத்திரை போட்டா வாந்தியா வருது நர்சம்மா."

"ரெண்டு நாளைக்கு நிறுத்து. வெள்ளிக்கிழமை நான் வாரேன். வேற மாதிரி சாப்பிடச் சொல்லித் தாரேன்."

வியாழக்கிழமை என்ஜினைத் தாங்கும் பட்டை வெடித்துவிட்டது. கருத்தக்கண்ணனிடம் பற்றவைத்தாள், மறுபடியும் வெடித்தது. கனமான பட்டை போட்டபோது செயின் நேர் தப்பியது. முழுக்கப் பிரித்தாள். கையெல்லாம் கிரீஸோடு நாட்கள் போயின. வெள்ளிக்கிழமை போனது. இன்னும் மூன்று வெள்ளி போயின. திரிஷா என்றொருத்தி இருப்பதே அவள் நினைவில் இல்லை. முப்பத்து நான்கு வருடத்தில் அப்படி ஒருத்தியை அவள் மறந்ததில்லை.

வண்டி சரியான அடுத்த புதன் அவள் போய் இறங்கியபோது, மகிமா கையிலிருந்த ஊசியைப் போட்டு முடித்துவிட்டு வெளியே வந்தாள்.

"கொஞ்சம் இங்கன வாங்க மேடம்." சுவரோரம் கூட்டிப்போனாள். குரலில் கோபம் இல்லை. "திரிஷாவுக்கு ரத்த அளவு எட்டுக்கு வந்துருச்சு. நாலு வாரமா மாத்திரையே சாப்பிடல. கேட்டா, பெரிய நர்சம்மா வர்ற வரைக்கும் நிறுத்தச் சொன்னாகங்குது."

"ரெண்டு நாள்தான் சொன்னேன்."

"நீங்க ரெண்டு நாள்னீக. அது உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு. நான் கேட்டப்பெல்லாம் சாப்பிடுறேன்னு பொய் சொல்லிருச்சு. உங்க பேச்ச மீறக் கூடாதாம்."

"இப்ப என்ன செஞ்ச?"

"ஆரம்ப சுகாதார நிலையத்துல இரும்புச்சத்து ஊசி ஏத்துறாக. ஒன்னு ஏத்தியாச்சு. ஏறிரும்." மகிமா தரையைப் பார்த்தாள். "எனக்கு உங்க அளவுக்குத் தெரியாது மேடம். ஆனா இங்கன ரெண்டு பேர் சொன்னா யாரும் ஒருத்தர் சொல்றதையும் கேக்க மாட்டாக. தப்பா எடுத்துக்கிறாதீக. இனிமே புதன்கிழமை வர வேணாம்."

மெகருன்னிசா வண்டியை எடுத்தாள். நேரே திரிஷா வீட்டுக்குப் போனாள். திரிஷா அவளைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு எழுந்து வந்தாள். அந்தச் சிரிப்புத்தான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"தப்பு என்மேலதாம்மா" என்றாள். "வாரேன்னு சொல்லிட்டு மறந்துட்டேன். இனி மகிமா சொல்றதத்தான் கேக்கணும். நான் வந்து வேற ஏதாவது சொன்னாலும் கேக்காத."

வீட்டுக்கு வந்து வண்டியை மோட்டார் அறையில் தள்ளிப் பூட்டினாள். நாலு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் வாஹித் தாமாகவே கையை நீட்டி, "வேணும்னா பிரஷர் பாரு" என்றார். அவள் பார்க்கவில்லை.

புதன்கிழமை வந்தது. ஐந்தரைக்கே விழிப்பு. எட்டு மணி வரை வீட்டுக்குள் நடந்தாள். பிறகு பூட்டைத் திறந்து வண்டியை எடுத்தாள். "எங்க?" என்று வாஹித் கேட்டபோது, "தெரியல" என்றாள்.

மெயின் ரோட்டில் ஓடைக்கரைப்பட்டி திருப்பத்தைத் தாண்டியதும் மூச்சு சற்று இலகுவானது. உத்தமபாளையத்தில் நிறுத்த நினைத்து நிறுத்தாமல் போனாள். சின்னமனூரில் என்ஜின் கொதித்ததால் நிழலில் நிறுத்தி, ஒரு டீயை நின்றபடியே குடித்தாள். வீரபாண்டி அருகே வண்டி இருமி நின்றது. பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் கரியைத் தேய்த்துத் திரும்பப் பூட்டினாள். லாரிகள் ஹாரன் அடித்துக் கடந்தன. தேனிக்குள் நெரிசலில் என்ஜினை அணைத்துவிட்டு மிதித்தாள். முழங்கால் சுரீர் என்றது. தேனியைத் தாண்டும்போதுதான் ஜெயமங்கலத்தில் தங்கை ருக்சானா இருப்பது ஞாபகம் வந்தது. கல்யாணம், மையத்து எடுப்பது என்று ஏதாவது இருந்தால் தவிர அவள் அங்கே போனதே இல்லை.

இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தாள். சத்தம் கேட்டு வெளியே வந்த ருக்சானா, தூசியும் ஆயிலுமாக நின்ற அக்காளைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள்.

"யாருக்கு என்னக்கா ஆச்சு?"

"யாருக்கும் ஒன்னுமில்ல. சும்மாதான் வந்தேன்."

"சும்மாவா? இதுலயா?"

உட்கார வைத்துச் சோறு போட்டாள். அறுபது கிலோமீட்டர் ஓட்டி வந்ததில் நல்ல பசி. சாப்பிட்டபடியே மெகருன்னிசா எல்லாவற்றையும் சொன்னாள். ருக்சானா ஆறுதல் சொல்லவில்லை.

"அந்தப் புள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?"

"ஊசி ஏத்துறாக. ஏறிரும்."

"பெறகென்ன?"

"பெறகு எனக்கு அங்கன வேலை ஒன்னும் இல்ல. அதத்தான் தாங்க முடியல."

ருக்சானா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

வாஹித் போனில் கூப்பிட்டார். ஜெயமங்கலத்தில் இருப்பதைச் சொன்னாள். "வண்டிய ஏதாச்சும் மினி லாரியில ஏத்திட்டு பஸ்ல வந்துரு."

"வேணாங்க. ஓட்டிட்டே வந்துருவேன்."

"எப்ப?"

"நாளைக்கு. இல்ல நாளன்னிக்கு."

ராத்திரி முன்கூடத்தில் ருக்சானா பாய் விரித்துத் தலையணை போட்டாள். படுத்தாள். கண்ணை மூடினால் உடம்பெல்லாம் வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருப்பது போல அதிர்ந்தது. தூக்கம் வரவில்லை. ஆனால் எழுந்திருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.