இரண்டு விரல் இடைவெளி

“மிஷின்ல குத்தம் இல்ல மச்சி, அத எப்படி வச்சுக்கணும்னு நான் படிச்சுப் படிச்சு—”

“என் புள்ளைய அதுல ஏத்த மாட்டேன். செத்தவரக் கொண்டாந்து கெடத்தி ரெண்டு மணி நேரம் ஆகல, அதுக்குள்ள—”

“நாளைக்கு லோரி போகலன்னா ஜப்பான்காரன் வேற டிரைவரப் போட்டுடுவான் லா! அரிசி நின்னுடும்! இத நான் சொல்லாம வேற எவன்—”

“நிக்கட்டும்!”

இருவருக்கும் நடுவே கயிற்றில் ஒரு படுக்கை விரிப்பு தொங்கியது. விடிகாலையில் லோரிக்குள் முகம்மது கனி இறந்து கிடந்ததைப் பார்த்ததுமே, பெண்கள் அவர் மனைவி ருக்கையாவை இந்த விரிப்புக்குப் பின்னால் உட்கார்த்திவிட்டார்கள். இனி நாலு மாதம் பத்து நாள், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் இத்தா. அவளை மச்சி என்று அழைக்கும் கணவனின் தம்பியே ஆனாலும் பஷீரின் முகத்தைப் பார்க்கக் கூடாது. விரிப்புக்குக் கீழே அவன் பாதங்கள் மட்டும் தெரிந்தன. நகக்கண்ணெல்லாம் கரி.

அந்தக் கரிக்குக் காரணமான பீப்பாயைப் பொருத்தியவன் பஷீர்தான். ஜப்பான்காரன் வந்த மறு வருஷமே பெட்ரோல் இல்லை. லோரியின் முதுகில் ஆள் உயர இரும்புப் பீப்பாயை ஏற்றி, அதில் கரியை எரித்து, அந்தப் புகையில் இன்ஜினை ஓட வைத்துவிட்டான். சூலியா தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. ருக்கையா மட்டும் வாசற்படியிலிருந்து, “இத்தன நாளு லோரி மனுசனுக்கு வேல செஞ்சுது. இனிமே மனுசன் அதுக்கு அடுப்பு ஊதணும்” என்றாள். கூட்டம் சிரித்தது. பஷீர் சிரிக்கவில்லை.

அவள் சொன்னபடிதான் நடந்தது. கனி நாலு மணிக்கே எழுந்து, கரியை ஊதும் விசிறியின் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார். நெருப்பு பிடிக்க அரை மணி நேரம். இரவில் அணையவிட்டால் காலையில் மறுபடி முதலிலிருந்து. அதனால் தணலை மூடி வைத்துவிட்டு லோரிக்குள்ளேயே படுக்க ஆரம்பித்தார். வீட்டு அடுப்புக்குக் கரி கிடையாது. ருக்கையா தேங்காய் மட்டையில் மரவள்ளிக்கிழங்கு அவித்தாள். லோரிக்கு நாளைக்கு மூன்று மூட்டை.

“சக்களத்திக்கு மூணு மூட்ட, எனக்கு மட்ட,” என்பாள்.

“அவ அரிசி கொண்டாராள்ல,” என்பார் கனி.

அது உண்மைதான். நிபோங் திபால் அரிசி ஆலைக்குப் போய்வரும் டிரைவர் வீட்டுக்கு வாரம் தவறாமல் கொஞ்சம் அரிசியாவது வந்தது.

கனியின் அக்கா ஆயிஷா விரிப்பை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“ருக்கையா, தம்பி மொகத்தப் பாத்தியா? கன்னமெல்லாம் செவந்து ரோஜாப்பூ கணக்கா இருக்கு. நல்ல மவுத்துடி. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க.”

ருக்கையாவும் பார்த்திருந்தாள். இரண்டு வருஷமாகக் கிழங்கு தின்று வெளுத்துப்போன முகம். இன்று காலை, சாப்பிட்டுச் செழித்த மாப்பிள்ளையைப்போல இருந்தது.

“கரிக்காத்து ஏறுனா அப்படித்தான் செவக்கும்,” என்றான் பஷீர் வெளியிலிருந்து. “வலி ஒண்ணும் தெரியாது. தூக்கத்துலயே போயிருக்கும். அந்த வகையில நல்ல மிஷின்தான்.”

“வாய மூடுடா,” என்றாள் ஆயிஷா.

“உள்ளதத்தானே சொல்றேன்? எனக்கு ஒண்ணுதான் புரியல. ஜன்னல் கண்ணாடி முழுசா ஏறக் கூடாதுன்னு நானே கட்ட அடிச்சு வச்சேன். மேல ரெண்டு வெரல் எடவெளி. எப்பவும் காத்து வரும். அப்புறம் எப்படி?”

இவ்வளவு நேரம் கத்தியும் ருக்கையாவுக்கு வாய் வலிக்கவில்லை. இப்போது வலித்தது.

நேற்று அந்தியில் மழை. கனிக்குக் காய்ச்சல். கஞ்சி கொண்டுபோனபோது, அந்த இடைவெளி வழியாகச் சாரல் அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தது. பழைய பச்சைக் கைலி ஒன்றின் ஓரத்தைக் கிழித்துச் சுருட்டி அடைத்தாள்.

“தொறந்து வைக்கணும்னு பஷீர் சொல்லியிருக்கான்,” என்றார் கனி.

“அவன் என்ன டாக்டருக்குப் படிச்சிருக்கானா? மழையில நனைஞ்சாத்தான் மிஷின் ஓடுமாக்கும்?”

அவர் சிரித்தார். இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

அந்தத் துணி இன்னும் அங்கேதான் இருந்தது. காலையில் மகன் எதிர்ப்பக்கக் கதவைத் திறந்துதான் வாப்பாவை இழுத்து இறக்கினான். யாரும் இந்தப் பக்கத்து ஜன்னலைப் பார்க்கவில்லை. வாசலுக்குப் பத்தடி, லோரிக்கு இன்னும் பத்தடி. அவளால் எழுந்து போக முடியாது.

மகன் சேக் அலாவுதீன் அத்தர் சீசாவைத் தேடிக்கொண்டு விரிப்புக்குள் வந்தான். பத்தொன்பது வயது. வாப்பாவின் தொப்பி தலைக்குப் பெரிதாக இருந்தது.

“சேக்கு, லோரியில…”

“என்னம்மா?”

“அந்தப் பீப்பாய் இன்னும் சூடாவா இருக்கு?”

“ஆமா. தணல் அணையவே இல்ல. வாப்பாதான் ஜில்லுன்னு…” சொல்லிவிட்டு அவன் சீசாவை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

குளிப்பாட்டிக் கஃபன் துணி போர்த்தியாயிற்று. உடலை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்க ஆள் போதவில்லை. தெருவில் தோள் கொடுக்கக்கூடியவர்கள் பாதிப் பேர் ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதைக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேருக்கு நிற்கவே தெம்பில்லை.

“லோரியிலயே கொண்டுபோயிடலாம்,” என்றது பஷீரின் குரல்.

“அவரக் கொன்னதுலயா?” ருக்கையா உள்ளிருந்து கத்தினாள். “நாலு பேரு தோளு கெடைக்கலயா என் மாப்பிள்ளைக்கு?”

“ஜனாஸா விசயம் ஆம்பளைங்க பாத்துக்குவோம், மச்சி.”

விசிறியின் கைப்பிடி சுற்றும் சத்தம் கேட்டது. கிரீச், கிரீச் என்று அவள் தினமும் விடியலில் கேட்ட சத்தம். இன்ஜின் இருமியது, பிடித்தது. ஆண்கள் ஓதிய கலிமாச் சத்தத்தை அது விழுங்கிக்கொண்டு போனது.

சாயங்கால அஸர் தொழுகைக்கு முன் லோரி திரும்பியது. தெருமுனையில் கியர் கரகரத்தபோதே அது பஷீரின் கை இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கரி நகங்கள் விரிப்புக்குக் கீழே வந்து நின்றன.

“சேக்குதான் ஓட்டிட்டு வந்தான். கனி காக்கா கை மாதிரியே. ஜப்பான்காரன் பட்டறைய விட்டு நான் போக முடியாது. நாளைக்கு அஞ்சு மணிக்கு அவன்தான் கெளம்பணும்.”

“மாட்டேன்னு சொல்லிட்டேன். பட்டினி கெடந்து சாவோம். உன் பீப்பாய்க்கு ரெண்டாவது ஆளு கெடையாது.”

பஷீர் குனிந்தான். விரிப்புக்கு அடியில் இரண்டு விரல்களால் எதையோ தள்ளினான். சுருட்டிய பச்சைத் துணி. ஒருபுறம் மழையில் நனைந்திருந்தது. மறுபுறம் புகையேறிக் கறுத்திருந்தது.

ருக்கையா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“பீப்பாய் மூட்டு ஒழுகுச்சு,” என்றாள். “நீ களிமண்ண வச்சுத்தானே அடைச்சே? எனக்குத் தெரியும்.”

“ஒழுகும். அதுக்குத்தான் எடவெளி விட்டேன்.” அவன் குரல் தணிந்தது. “மண்ணு வச்சது யாருன்னு நான் சொல்றேன், துணி வச்சது யாருன்னும் சொல்றேன். ரெண்டையும் கேட்டுட்டு சேக்கு யாரு மொகத்துல முழிப்பான்னு பாக்கலாமா? வேணாம் மச்சி. அவன் லோரி ஓட்டட்டும். நீங்க அரிசி வடிங்க.”

பாதங்கள் நகர்ந்தன. வெளியே அவன் சேக்கை அழைத்து ஏதோ சொன்னான்.

விரிப்பு அசைந்தது. ருக்கையா துணியை முழங்காலுக்கு அடியில் தள்ளி அதன்மேல் அழுந்தி உட்கார்ந்தாள். சேக் வந்து அவள் முன்னால் குந்தினான். கையில் ஒட்டிய கபர்க்குழி மண்ணைக் கழுவியிருந்தான். உள்ளங்கையில் கைப்பிடி உரசிய இடம் கொப்புளித்திருந்தது. கண்கள் வீங்கியிருந்தன.

“உம்மா, நீ சரின்னுட்டேன்னு சாச்சா சொல்றாரு. எனக்கு அந்த சீட்டுல ஒக்காரவே பயமா இருக்கும்மா. வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு, நான் போகல.”