முள் பிடுங்கிய மத்தியானம்

கள்ளிச்செடி மட்டுமே விற்கும் நர்சரி அது. ரோஜா கேட்டு வருகிறவர்களை அக்கா வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். "எல்லாக் கடையிலயும் இருக்கிறத நான் எதுக்கு வைக்கணும்?" என்பாள். வாய்க்கொழுப்புதான். ஆனாலும் விடுமுறை நாளில் கூட்டம் அலைமோதும். நிழல்வலைக்கு அடியில் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து குனிந்து பார்ப்பார்கள். ஒன்று வாங்க வந்தவர்கள் ஏழோடு போவார்கள். செடிப்பித்துக்கு மருந்து கிடையாது, அக்காவுக்கும் சேர்த்துத்தான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் தங்கை ஒரு பையோடும் வீங்கிய உதட்டோடும் வந்து நின்றாள். அக்கா பையை வாங்கி உள்ளே வைத்தாள். நாலு நாள் மூலையில் முடங்கிக் கிடந்தவள், ஐந்தாம் நாள் தானாகவே கத்தியை எடுத்துக் கள்ளிக்கு ஒட்டுக் கட்ட ஆரம்பித்தாள். முதல் பத்தும் அழுகிப்போயின. பதினோராவது பிடித்துக்கொண்டது. பச்சைத் தண்டின் தலையில் சிவப்பு உருண்டை ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இவளை இனி அந்த ஆளிடம் விடுவதில்லை என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவு கட்டினாள்.

அந்த ஆள், தங்கையைக் கட்டியவன், ஒரு மத்தியானம் இரும்புக் குழாயோடு வந்தான்.

"எங்க அவ?" என்று கேட்டபடியே முதல் மேசையை அடித்து நொறுக்கினான். நாற்றுத் தட்டுகள் பறந்தன. வந்திருந்தவர்கள் தலைதெறிக்க ஓடினார்கள். ஒரு டீச்சரம்மா மட்டும் தேர்ந்தெடுத்த தொட்டியை விடாமல் அணைத்துக்கொண்டு ஓடினார். குறுக்கே விழுந்த அக்காவின் தோளில் குழாய் இறங்கியது. தங்கையின் தலைமுடியைக் கையில் சுற்றி அவன் தரதரவென்று இழுத்தான். அவள் முழங்கால் தேய்ந்து ரத்தம் தரையில் கோடு போட்டது.

அக்காவுக்கு எங்கிருந்துதான் அந்த வெறி வந்ததோ, மண்வெட்டிக் காம்பால் அவன் காலில் ஓங்கி ஒரு போடு போட்டாள். அவன் தடுமாறியதும் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். மல்லாக்கப் போய் விழுந்தான், எண்பது தொட்டி சப்பாத்திக்கள்ளியின் மேல்.

அந்த முள்ளை முள் என்று யாரும் நம்பமாட்டார்கள். பஞ்சைக் கிள்ளி ஒட்டியது மாதிரி வெள்ளைப் புள்ளியாக இருக்கும். தொட்டால் நூறு நூறாகத் தோலுக்குள் இறங்கிவிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, எரிச்சல் மட்டும் உயிரை எடுக்கும். முதுகு, கழுத்து, ஊன்றிய வலதுகை எல்லாம் ஏறிவிட்டது. குழாயைப் போட்டுவிட்டுக் குழந்தை மாதிரி அலறினான்.

"கிட. நல்லாக் கிட. போலீஸ் வர்ற வரைக்கும் கிட," என்றாள் அக்கா, போலீஸுக்குப் போன் போட்டுவிட்டு.

ஆனால் தங்கை உள்ளே போய் இடுக்கியை எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வலதுகையை மடியில் வைத்து, ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. போலீஸ் வந்தபாடில்லை. அவனோ பேச்சை விடவில்லை. "நீ இல்லாம வீடு வீடா இல்லம்மா... இனிமே உன்மேல கை வச்சா நான் மனுஷனே இல்ல." தங்கை முள் எடுத்த இடத்தில் ஊதிவிட்டாள். அதைப் பார்த்த அக்கா இடிந்துபோனாள். அடிப்பாவி, நானே தள்ளிவிட்டு நானே அவனுக்கு வழி பண்ணிக் கொடுத்துட்டேனே!

"வீட்டுக்குப் போலாமா?" என்று அவன் கேட்டான். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். இல்லை என்று சொல்லவில்லை.

வலதுகை சுத்தமானதும் கழுத்துக்கு வந்தாள். ஆழமாக இறங்கியிருந்த ஒன்றை இடுக்கி பிடித்து இழுத்தது. பளார் என்று ஒரு சத்தம். தங்கையின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

அவனே திகைத்துப்போனான். "ஐயோ, வலிச்சுதும்மா... வேணும்னு செய்யல. கை தானா வந்துடுச்சு."

அக்கா குழாயைத் தூக்கினாள்.

"நீ இரு, அக்கா," என்றாள் தங்கை.

அவள் குரலில் நடுக்கமே இல்லை. உடையாமல் கிடந்த ஒரு தொட்டியை இழுத்து முன்னால் வைத்தாள். ஒரு மணி நேரம் ஊதி ஊதிச் சுத்தம் செய்த அந்த வலதுகையின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். உள்ளங்கையைக் கள்ளியின்மேல் வைத்து, முழு உடம்பின் பாரத்தையும் போட்டு அழுத்தினாள். தண்டு நசுங்கி நீர் வழிந்தது. அவன் கத்தினான், உதறினான், அவள் விடவில்லை.

"தானா வர்ற கைதானே," என்றாள். "இனிமே கொஞ்ச நாளைக்கு வராது."

இடுக்கியை அவன் மடியில் போட்டுவிட்டு எழுந்து, கவிழ்ந்து கிடந்த தொட்டிகளை நிமிர்த்தப் போனாள்.