ஏழு ஸ்பேட்

குடலிறக்கத்துக்காக வார்டில் படுத்திருந்த லிஃப்ட் மெக்கானிக்கைச் சக்கர நாற்காலியில் வைத்து டாக்டர்களின் ஓய்வறைக்குத் தள்ளிக்கொண்டு போனபோது மாலை நாலு மணி. மறுநாள் காலை ஏழுக்கு அவருக்கு ஆபரேஷன். சீட்டாட்டத்துக்கு ஒரு கை குறைந்தது. வழக்கமாக வரும் எக்ஸ்ரேக்காரருக்குக் காய்ச்சல். "பிரிட்ஜ் ஆடத் தெரியுமா?" என்று சர்ஜன் காலையில் அவர் வயிற்றை அமுக்கிக்கொண்டே கேட்டிருந்தார். அந்த வலியில் எதைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார். கெட்ட நேரம், அது உண்மையாகவும் இருந்து தொலைத்தது.

சர்ஜனைப் பற்றி வார்டில் ஒரு பேச்சு உண்டு. தங்கமான கை. ஆனால் ஸ்லாம் கெட்டால் அந்தக் கை மூன்று நாள் நடுங்கும். பதின்மூன்று பிடியில் பன்னிரண்டை எடுப்பேன் என்று ஏலத்தில் சொன்னால் சின்ன ஸ்லாம். பதின்மூன்றும் எனக்கே என்றால் பெரிய ஸ்லாம். போன வருஷம் அப்படிச் சொல்லி ஒரு பிடி குறைந்துபோன மறுநாள் தைக்கப்பட்டவருக்குத் தொப்புள் இடப்பக்கம் மூன்று அங்குலம் தள்ளியிருக்கிறது. அதைவிட மோசம், பெரிய ஸ்லாம் கையில் இருந்தும் சின்னதோடு நின்றுவிட்ட நாள். அன்றைக்கு அப்பெண்டிக்ஸுக்கு வந்தவர் டான்சில் இல்லாமல் வீட்டுக்குப் போனார். பக்கத்துக் கட்டில்காரர் சத்தியம் செய்து சொன்னார். அவருடைய வலது காது இடது காதைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஏனென்று கேட்க மெக்கானிக்குக்குத் தைரியம் வரவில்லை.

ஊசி குத்திய இடது கையால் சீட்டைப் பிடிக்க முடியாது. ரத்தப் பரிசோதனைக் கண்ணாடிக் குழாய்களைச் செருகும் மரத்தாங்கியில் சீட்டுகளை வரிசையாகச் செருகி முன்னால் வைத்தார்கள். எதிரே பார்ட்னராக சர்ஜன். இரண்டு பக்கமும் எதிரணி: மயக்க மருந்து டாக்டரும் தலைமை நர்ஸும்.

"பயப்படாதீங்க, தூக்க மாத்திரை குடுத்திருக்கேன்ல?" என்றாள் நர்ஸ். மாத்திரை பாவம், அவருடைய பயத்தைப் பார்த்து அதுவே முழித்துக்கொண்டது.

சர்ஜன் ஒரே ஒரு விதி சொன்னார். "நான் கேட்டதுக்கு மட்டும் பதில். பேஷன்டும் சரி, பார்ட்னரும் சரி, தானா வாயத் திறக்கக்கூடாது."

"சரிங்க சார்."

மூன்றாவது ஆட்டத்தில் வந்தது வினை. சர்ஜன் ஸ்பேடில் ஏலத்தைத் தொடங்கினார். மெக்கானிக்கிடம் பொடிப் பொடியாக அஞ்சு ஸ்பேட், ஹார்ட் ஏஸ், கிளப் ஏஸ். டைமண்ட் மருந்துக்குக்கூட ஒன்று இல்லை. ஸ்பேடே துருப்பாக இருக்கட்டும் என்று ஆதரித்தார்.

"நாலு நோ டிரம்ப்" என்றார் சர்ஜன். எத்தனை ஏஸ் என்று கேட்பதற்கு அதுதான் வழி.

"அஞ்சு ஹார்ட்." இரண்டு ஏஸ் என்று அர்த்தம்.

சர்ஜன் உதட்டைப் பிதுக்கி, "ஆறு ஸ்பேட்" என்றார். ஏலத்தில் முதல் ஆறு பிடியைச் சொல்வதில்லை; ஆறு என்றால் பன்னிரண்டு, சின்ன ஸ்லாம்.

மெக்கானிக் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஆறோடு நின்றார் என்றால் எங்கேயோ ஓர் ஏஸ் எதிரணியிடம் இருக்கிறது. அது ஸ்பேட் ஏஸ் என்றால் ஏழு கேட்டால் செத்தோம். டைமண்ட் ஏஸ் என்றால் செல்லாக்காசு, போட்டவுடனே ஸ்பேடால் வெட்டிவிடலாம். அப்போது ஆறோடு நின்றால் செத்தோம். மெக்கானிக்கிடம் டைமண்ட் உண்டா என்று சர்ஜன் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லவும் கூடாது.

தொப்புளா, டான்சிலா?

முப்பது வருஷமாக அறுந்த கேபிளைக்கூட அவர் இப்படி உற்றுப் பார்த்ததில்லை. ஸ்பேடில் இவ்வளவு துள்ளுகிறவர் ஸ்பேட் ஏஸ் இல்லாமலா துள்ளுவார்?

"ஏழு ஸ்பேட்" என்றது ஒரு குரல். தன்னுடையதுதான் என்று அவருக்குச் சற்றுக் கழித்துத்தான் தெரிந்தது.

சர்ஜன் கண்ணாடியைக் கழற்றினார். "உங்கள நான் கேட்டேனா?"

"இல்லீங்க சார்."

"டபுள்" என்றாள் நர்ஸ், ஊசி போடும்போது 'வலிக்காது' என்று சொல்லும் அதே குரலில். 'உங்களால் முடியாது, தோற்றால் தண்டனை இரட்டிப்பு' என்று பொருள். சொன்ன கையோடு ஒரு சீட்டை உருவினாள். ஏஸ். மெக்கானிக்கின் கண் இருட்டியது. சிவப்பா கறுப்பா என்று தெரிவதற்குள் ஒரு யுகம் போயிற்று.

டைமண்ட்.

மயக்க டாக்டர் தாங்கியிலிருந்த சீட்டுகளை எடுத்து மேசையில் பரப்பினார். இனி மெக்கானிக் டம்மி. சர்ஜன் கைவைப்பார், இவர் பேசாமல் கிடக்க வேண்டும். டைமண்டே இல்லாத அந்தப் பரப்பை சர்ஜன் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார். ஒரு ஸ்பேடால் ஏஸை வெட்டினார். பிறகு ஒவ்வொரு பிடியாக, சதையில் கத்தி இறங்குவதுபோல், பதின்மூன்றையும் எடுத்தார்.

"ஏழு! அதுவும் டபுள்ல!" சர்ஜன் எழுந்து வந்து மெக்கானிக்கின் கையைப் பற்றினார். "இருபத்தாறு வருஷத்துல முதல் தடவையா பெரிய ஸ்லாம் எடுத்திருக்கேன்யா!"

பற்றிய கை கிடுகிடுவென்று ஆடியது. மெக்கானிக்கின் தோள்வரை ஆடியது.

"சார்... கை..."

"சந்தோஷம்யா! இது லேசுல நிக்காது."

மயக்க டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "நாளைக்கு இவர ஜூனியர்கிட்ட விட்டுடலாமா சார்?"

"யாரு, என் பார்ட்னரையா? கத்தி வேற ஒருத்தன் கைக்குப் போகாது. எத்தன மணி நேரம் ஆனாலும் நானே பண்ணுவேன்."

நர்ஸ் நாற்காலியைத் திருப்பி வார்டை நோக்கித் தள்ளினாள்.

"அம்மா" என்றார் மெக்கானிக் மெல்ல, "எனக்கு வலி சுத்தமாப் போயிடுச்சும்மா. வீட்டுக்குப் போகலாம்னு பாக்கறேன்."

"இங்க வர்றவங்க எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க" என்றாள் அவள், வேகத்தைக் குறைக்காமல்.