காடு எண்டு மட்டும் சொல்லாதையுங்கோ

என் கணவர் சின்னராசாவுக்கு நாக்கில் சனி. கலியாணம் கட்டிய காலம் தொட்டு இதைச் சொல்லிவருகிறேன், கேட்கத்தான் ஆளில்லை. வயலை வயல் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. விடியத் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுத் துவாயைத் தோளில் போட்டார் என்றால், "விமலா, நான் காட்டுக்குப் போட்டு வாறன்" என்பார். நெல் கதிர் தள்ளி நிற்கிறபோதும் அது அவருக்குக் காடுதான். அவரை மட்டும் குற்றம் சொல்லவும் கூடாது. அந்த நாளில் யாழ்ப்பாணத்திலிருந்து தர்மபுரத்துக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய சனத்தில் பாதிப்பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு. வெட்டினது தாங்கள்தான் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டுமாம். கண்டறியாத பெருமை!

அந்தப் பெருமைதான் போன வருடம் காணி விசாரணையில் எங்களைக் கவிழ்த்தது.

எங்கள் மூன்று ஏக்கருக்குள் ஒரு திணைக்களம் எல்லைக்கல் நட்டிருக்கிறது. எந்தத் திணைக்களம் என்று கேட்காதீர்கள், பெயரைச் சொன்னால் அதற்கும் ஒரு விசாரணை வைப்பார்கள். சண்டை முடிந்து முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது வயல் முழுக்க ஆளுயரப் பற்றை. பின்னே? நாங்கள் என்ன சுற்றுலாவா போயிருந்தோம்? கையால் வெட்டி, பிடுங்கி, கொளுத்தி, திரும்ப நெல் விதைத்தோம். சில வருடம் கழித்து ஒருநாள் போய்ப் பார்த்தால் வரம்புக்கு நடுவே கல் நிற்கிறது. கொழும்பில் யாரோ மேலேயிருந்து எடுத்த படத்தைப் பார்த்து, பச்சையாய்த் தெரிந்ததையெல்லாம் காடு என்று கீறிவிட்டானாம். நெல்லும் பச்சைதானே ஐயா!

காணிப் பெர்மிட் கையில் இருந்தால் முகத்தில் எறிந்திருப்பேன். அது கடைசிச் சண்டையில் இரணைப்பாலையில் ஒரு பதுங்குகுழிக்குள் மண்ணோடு மண்ணாய்ப் போனது. அரசாங்கக் கந்தோரில் இருந்த பிரதி, அந்தக் கந்தோரோடு போனது. ஆகவே எங்களிடம் மிஞ்சியிருந்தது இவருடைய வாய் ஒன்றுதான். நல்ல வாய்!

போன வருடம் அதிகாரி கேட்டார், இது என்ன காணி என்று. இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இது எங்கட காடு ஐயா" என்றார். கழுத்துப்பட்டி கட்டிய மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னார். அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாச்சிக்குடா மஹ்றூப் தன்னுடைய காணி விசயமாகப் பின் வரிசை வாங்கில் இருந்தவர். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம் சனத்தை விரட்டிவிட, புத்தளத்தில் அகதியாய்க் கிடந்து சிங்களம் படித்தவர். வெளியே வந்ததும் என்னைப் பிடித்து, "என்னக்கா, அண்ணனே இது காடு எண்டு ஒத்துக்கொண்டுட்டாரு! சிங்களத்துல காடெண்டு, 'கெலே' எண்டு எழுதியாச்சு. காடு எண்டா அது அரசாங்கத்துக்கு. இனி அவனுகள் விடுவானுகளா?" என்றார். எனக்கு வந்த விசருக்கு அந்த இடத்திலேயே இவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். கால் ஒன்றை ஷெல்லுக்குக் கொடுத்த மனுசன் என்பதால் விட்டேன்.

மேல்முறையீடு எழுதி, ஆள் பிடித்து, அலைந்து, ஒரு மாதிரி இரண்டாவது விசாரணைக்கு நாள் எடுத்தேன். அந்த மூன்று ஏக்கர் போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. நாங்கள் இருவர், மகள் யதுர்ஷிகா, மருமகன் சுகிர்தன், அவர்களுடைய இரண்டு குஞ்சுகள். எல்லாரும் அந்த மண்ணை நம்பித்தான். உழுகிறது, விதைக்கிறது எல்லாம் சுகிர்தன். அவன் கடைசிச் சண்டைக்கு இயக்கத்தால் பிடித்துக்கொண்டு போகப்பட்டு, பிறகு மற்றப் பக்கத்தால், ஆமியால், தடுப்பில் வைக்கப்பட்டு, இரண்டு பக்கத்தாலும் அடி வாங்கி வந்த பிள்ளை. இன்றைக்கும் மோட்டார் சைக்கிளில் சிவில் உடுப்போடு யாராவது வந்து, "தம்பி எப்பிடிச் சுகம்?" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போனபின் அன்று முழுக்க அவன் சாப்பிடமாட்டான்.

விசாரணை நாள் தர்மபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து நான் பாடம் நடத்தினேன்.

"காணி எப்ப கிடைச்சது?" என்று அதிகாரி மாதிரிக் கேட்டேன்.

"எழுபதுகளிலை. நாட்டிலை சாப்பாட்டுப் பஞ்சம் வந்த நேரம் கவுண்மேந்துதான் என்னைப் பெத்த ஐயாவுக்குக் குடுத்தது. வெட்டி விளைவியுங்கோ எண்டு."

"எதை வெட்டி?"

"கா..."

"இஞ்சருங்கோ!"

"நிலத்தை வெட்டி."

முன்சீட்டில் இருந்த இரண்டு ரீச்சர்மார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரியுங்கோ, சிரியுங்கோ, உங்களுக்கு மாதம் முடிய சம்பளம் வரும்.

"நிலத்தை ஆரும் வெட்டுவினமே? வயலாக்கச் சொல்லித் தந்தது எண்டு சொல்லுங்கோ. வயல். எங்கை, சொல்லுங்கோ பாப்பம்?"

"வயல், வயல், வயல். போதுமே? அப்ப வந்து பாத்திருந்தா நீயும் அதைக் காடு எண்டுதான் சொல்லியிருப்பாய். ஐயா யானைக்குப் பயந்து மரத்திலை பரண் கட்டிப் படுத்தவர்."

"யானையையும் கதையாதையுங்கோ. காடு எண்டு மட்டும் வாயிலை வரப்படாது!"

எனக்கு எரிச்சல் இவரில் மட்டுமில்லை. வெட்டு என்று அனுப்பியதே ஒரு அரசாங்கம்தானே! வெளிநாட்டு மிளகாயை நிறுத்திவைத்துவிட்டு எங்கள் மாமாமாரை மிளகாய் நடச்சொன்னது. அவர்களும் நட்டு நாலு காசு கண்டார்கள். அடுத்த அரசாங்கம் வந்து துறைமுகத்தைத் திறந்துவிட்டது, மிளகாய்ச் சாக்கை வாங்க நாய்கூட வரவில்லை. அதே காலத்தில் கலவரம், மலையகத்துச் சனம் சட்டிபானையோடு வந்து இறங்கியது. பிறகு இயக்கம் வந்தது, வரி கேட்டது, பிள்ளைகளையும் கேட்டது. யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்து எங்கள் முற்றத்தில் வந்து படுத்தது. பிறகு ஆமி வந்தது, முற்றமே இல்லாமல் நாங்கள் ஓடினோம். செட்டிகுளம் முகாமில் தண்ணீருக்கு வரிசை. திரும்பி வந்து வயல் விளையத் தொடங்க, ஒரு வருடம் உரம் இல்லை என்றார்கள், அடுத்த வருடம் பெற்றோலுக்கு வரிசை. பிறகு எல்லாம் மாறும் என்று ஒரு தேர்தல். நானும் போய்ப் புள்ளடி போட்டேன். மாறியது மேசைக்குப் பின்னால் இருக்கிற ஆள் மட்டும்தான்.

இந்தமுறை மேசைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. மொழிபெயர்ப்பாளர் அதே கழுத்துப்பட்டி. அவரைக் கண்டதும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

ஆனால் இவர், சொல்லக்கூடாது, வடிவாகப் பதில் சொன்னார். "என்ன காணி?" "வயல் அம்மா." "யார் தந்தது?" "கவுண்மேந்து. வயலாக்கச் சொல்லி." "இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது எப்படி இருந்தது?" இவர் என்னைப் பார்த்தார். "பற்றை பிடிச்ச வயல் அம்மா."

அட, என் ராசா! எழும்பிக் கொஞ்சலாம் போல இருந்தது.

"இப்ப?"

"இப்பவும் வயல்தான். போன காலபோகமும் விதைச்சனாங்கள்."

மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அதிகாரி எழுதவில்லை. பேனையை வைத்துவிட்டு, ஃபைலுக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து எங்கள் பக்கம் திருப்பினார். எல்லைக்கல். அதைத் தாண்டி உள்ளே உழவு மெசின். மெசினிலிருந்து குதித்து இறங்குகிற ஒருவனின் முதுகு. முகம் இல்லை. நீலச் சேர்ட்டை நான் எங்கேயும் அடையாளம் கண்டிருப்பேன், யதுர்ஷிகா பொங்கலுக்குச் சுகிர்தனுக்கு எடுத்துக் கொடுத்தது.

"கல்லு நட்டாப் பிறகு உழுதால் குற்றம்" என்றார் மொழிபெயர்ப்பாளர். "வயல் எண்டு நீங்களே சொல்லுறியள். விதைச்சதெண்டும் சொல்லுறியள். அப்ப உழுத ஆளின்ரை பெயரைச் சொல்லவேணும். பொலிசிலை குடுத்து வழக்குப் போடவேணுமாம்."

தடுப்பிலிருந்து வந்த பிள்ளையின் பெயர் திரும்பவும் பொலிசுக்கோ? காடு என்றால் காணி போகும் என்றுதானே ஒரு வருடமாய்த் தொண்டை வற்றக் கத்தினேன்? வயல் என்றால் ஆள் போகும் என்று எந்தக் கடவுள் எனக்குச் சொன்னது?

"நான்தான் உழுதனான்" என்றார் இவர்.

அதிகாரி மேசைக்கு இந்தப் பக்கம் எட்டி, இவருடைய பொய்க்காலைப் பார்த்தார். பிறகு படத்தில் குதிக்கிற இரண்டு கால்களைப் பார்த்தார்.

நான் எழும்பிவிட்டேன். "இதென்ன நியாயம்? காடு எண்டா எங்கட இல்லை எண்டுறியள், வயல் எண்டா கள்ளர் எண்டுறியள். வெட்டச் சொன்னதும் நீங்கள், வெட்டினதுக்குப் பிடிக்கிறதும் நீங்களோ? நாங்கள் என்னத்தைத்தான் சொல்லித் துலையிறது?"

மொழிபெயர்ப்பாளர் இதில் எவ்வளவைச் சொன்னார் என்று தெரியாது. அதிகாரி கோபிக்கவில்லை. களைத்துப்போன குரலில் நீளமாக ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு எங்களிடம் குனிந்தார்.

"அவா சொல்லுறா, உங்கட வயல் எண்டு உரிமை கேட்டா இந்தப் படத்துக்கு நீங்கள் பதில் சொல்லத்தான் வேணும். காடு எண்டு சொல்லி விட்டுக்குடுத்தா இந்தப் படத்துக்கும் உங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆரோ ஒருத்தன் எண்டு ஃபைலை மூடிவிடலாமாம். அவாவாலை செய்யக்கூடியது அவ்வளவுதானாம்."

இவர் படத்தைக் கையில் எடுத்தார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வாயைத் திறந்தேன். திறந்தால் சுகிர்தனின் பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தில் மூடினேன். என் வாழ்நாளில் நான் வாயை மூடிய இடம் அது ஒன்றுதான்.

"அது காடு" என்றார் இவர்.

"அண்ணை, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார் மொழிபெயர்ப்பாளர். "இனி மாத்தேலாது."

"காடுதான். அங்கை எங்களுக்கு ஒண்டும் இல்லை. ஒருத்தரும் உழேல்லை."

மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி எழுதினார். இவர் கையெழுத்து வைத்தார். படத்தை அதிகாரி ஃபைலுக்குள் போட்டு மூடினார்.

வெளியே வெயில் கொளுத்தியது. வாசற்படியில் இறங்க இவருக்குக் கைகொடுத்தேன். தாங்கமுடியாமல் அந்தப் படியிலேயே குந்தி அழுதேன். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்! எங்கள் மாமனார் வெட்டிய மண், இவர் கால் கொடுத்துக் காத்த மண், ஒரு பேனைக் கீறலில் போய்விட்டது. இனிச் சுகிர்தன் ஆருடைய வயலில் கூலிக்கு நிற்பான்? ஆனாலும் இன்றைக்கு அவன் வீட்டில் நிற்பான். இரவு பிள்ளைகளோடு இருந்து சாப்பிடுவான்.

இவர் பொய்க்காலை நீட்டிக்கொண்டு பக்கத்தில் குந்தினார். என் முகத்தைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் பிழை விட்ட பிள்ளை மாதிரிச் சொன்னார்.

"நீ சொல்லித் தந்தது மறந்துபோய் இல்லை விமலா, நான் காடு எண்டது."

"தெரியும், விசர் மனுசா! தெரியும்" என்றேன். "எழும்புங்கோ, பஸ்ஸை விடப்போறம்."