அம்மன் திரையில் இரண்டு மயில்கள்

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும்போது இராக்கம்மாவின் பீச்சாங்கையை யாரும் குறை சொன்னதில்லை. கொழுந்துக்கு இரண்டு கையும் வேண்டும். தராசு எந்தக் கையென்று கேட்பதுமில்லை. ஊசியைப் பிடித்த பிறகுதான் வில்லங்கம் வந்தது.

தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரின் மனைவி யோகம்மா, யாழ்ப்பாணத்துக்காரி, ஞாயிற்றுக்கிழமைகளில் குமரிப் பிள்ளைகளுக்குத் தையல் பழக்கினாள். ஐம்பத்தாறாம் வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்குச் சிவப்புத் துணியில் ஒரு திரை தைத்துத் தருவதாக அவளே ஒப்புக்கொண்டாள். நடுவில் தாமரை, இரண்டு பக்கமும் அதைப் பார்த்தபடி இரண்டு மயில்கள். ஒன்றைத் தைக்கும் வேலை அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியான பெரியாயிக்கு, மற்றது அவளுக்கு அடுத்த லயத்து வரிசை வீட்டில் இருந்த இராக்கம்மாவுக்கு.

முதல் இரண்டு ஞாயிறும் யோகம்மா ஊசியைப் பிடுங்கிச் சோத்தாங்கையில் வைத்தாள். அந்தக் கை தைத்தது மயிலா, மழையில் நனைந்த காக்கையா என்று இராக்கம்மாவுக்கே சந்தேகம். மூன்றாம் ஞாயிறு யோகம்மாவுக்கும் அலுத்துவிட்டது.

"எந்தக் கையால எண்டாலும் தை பிள்ளை. வடிவா வந்தாச் சரி."

வந்தது. பெரியாயியின் தையல் ஒரு பக்கம் சாய்ந்தது, இராக்கம்மாவின் தையல் அதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. எதிரெதிரே நின்ற மயில்களுக்கு அதுவே தோதாகப் போயிற்று. இரண்டு தோகைகளும் ஒரே மாதிரிப் பின்னால் வழிந்தன. தன்னால்கூட இப்படித் தைக்க முடியாது என்றாள் யோகம்மா. இராக்கம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தோட்டமே பார்க்க அம்மன் முன்னால் தன் மயில் தொங்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் சோறு தண்ணீர் மறந்து தைத்தாள்.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கையில், கோயில் காரியம் பார்க்கும் வீரசிங்கம் கங்காணி திரையைப் பார்க்க வந்தார். இராக்கம்மா கடைசித் தையல்களைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அடியே, அம்மனுக்குப் போடுற திரையில பீச்சாங்கையையா வைக்கிற?"

"எனக்கு இந்தக் கைதாங்க வரும்."

"வந்தா வீட்டோட வச்சுக்க. டீச்சரம்மா, அதப் பிரிச்சுருங்க. சோத்தாங்கைக்காரப் புள்ள யாராச்சும் தைக்கட்டும்."

யோகம்மா விடவில்லை. "பூசைக்கு வாற பூவை எந்தக் கையால ஆய்ஞ்சது எண்டு கேக்கிறனீங்களோ?"

"பூவு வேற, திரை வேறங்க" என்று கங்காணி நடையைக் கட்டினார்.

பிரிக்கிற வேலையும் இராக்கம்மாவின் தலையில்தான் விழுந்தது. எந்த முடிச்சு எங்கே இருக்கிறதென்று போட்டவளுக்குத்தானே தெரியும். ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. கங்காணியை வாய்க்குள்ளேயே வைதபடி பிரித்தாள். பிறகு பென்சில் கோட்டின்மேல் பெரியாயி புதிதாகத் தைத்தாள்.

திருவிழா அன்று திரை ஏறியது. ஒரு மயில் ஒழுங்காக நின்றது. மற்றதிலும் பெரியாயியின் அதே சாய்வு: தோகையில் தையலெல்லாம் முன்பக்கம் சாய்ந்து, பின்னாலிருந்து காற்றடித்தாற்போல் சிலிர்த்துக்கொண்டு நின்றது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கங்காணிக்கு முகம் கறுத்தது. "பாத்தீங்களா? பீச்சாங்கை பட்ட எடம், பிரிச்சும் வெளங்கல!"

கூட்டத்திலிருந்து பெரியாயிதான் பேசினாள்.

"அது நான் தச்சதுங்க, சோத்தாங்கையால. இராக்கம்மா தச்சது நல்லாத்தான் இருந்துச்சு. நீங்கதான் பிரிக்கச் சொன்னீங்க."

கூட்டம் கங்காணியைப் பார்த்தது. அவர் வேறெங்கோ பார்த்து, "என்னடா நிக்கிறீங்க, தப்ப அடிங்க!" என்று பறையடிப்பவர்களிடம் கத்தினார்.

சாமி கும்பிட வந்த இடத்தில் ஒரு பெரிய மனுசர் தலைகுனிவதைக் கண்டு சந்தோஷப்படக் கூடாதென்று இராக்கம்மாவுக்குத் தெரியும். பட்டாள், வயிறு குளிரப் பட்டாள். ஆனால் நல்ல துணி. இன்னும் பத்து வருஷத்துக்குத் தன் மயில் இல்லாத அந்தத் திரைதான் தொங்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.