மேற்கோள் இல்லாத நொதி

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில், ஐந்து ஆண்டுகளுக்குள் யாரும் மேற்கோள் காட்டாத கண்டுபிடிப்பு, கெடு முடிந்த நிமிடமே உண்மையாக இல்லாமல் போய்விடும். பக்கத்து அறைப் பேராசிரியர் பாலைத் தயிராக்கும் நொதி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். யாரும் சீண்டவில்லை. அன்றிலிருந்து எங்கள் குடியிருப்பில் பால் தயிராவதில்லை. கடையில் வாங்கிக்கொள்கிறோம்.

நான் உயிர்வேதியியல் துறை. முப்பத்தெட்டுக் கட்டுரைகள், ஆயிரத்து இருநூறு மேற்கோள்கள். ஆண்டறிக்கையில் என் படம் முதல் பக்கத்திலேயே வரும். ஆனால் ஒரு கட்டுரைக்கு மட்டும் மேற்கோள் பூஜ்யம். தூங்குகிறவரை விழிக்க வைக்கும் நொதியைப் பற்றியது அது. தப்பு என்னுடையதுதான். பத்திரிகைக்கு அனுப்பும் அவசரத்தில் ரத்தம் கொடுக்க என் கணவர் அறவாழி மட்டுமே கிடைத்தார். ஒரே ஆளை வைத்து எழுதியதை எந்த மடையன் மேற்கோள் காட்டுவான்? நானே காட்டிக்கொண்டால் செல்லாது.

கெடு வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. அதுவரை மேற்கோள் வராவிட்டால், அறவாழி அடுத்து எப்போது தூங்கினாலும் எழமாட்டார். அவரோ சாப்பிட்ட கையோடு கண்ணயரும் மனிதர். இரண்டு மணிக்கு வீட்டுக்குத் தொலைபேசினேன்.

"கண்ணு சொக்குது. படுக்கட்டுமா?" என்றார்.

"இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்க. முகத்தக் கழுவிட்டு நடந்துக்கிட்டே இருங்க."

"வத்தக்குழம்பு வச்சுட்டுப் போயிட்டு நடக்கச் சொல்றியே," என்றார்.

மேல்மாடிக்கு ஓடி ஸ்டெல்லா பாக்கியத்தைப் பிடித்தேன். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவள், ஈஸ்ட் பற்றியே எழுதுகிறவள். அவள் கட்டுரை அன்றுதான் அச்சுக்குப் போகிறது.

"ஈஸ்ட்டுக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் தாட்சா?"

"முன்னுரையில ஒரு வரி போதும்."

"உன் கட்டுரையப் படிக்க இப்ப நேரமில்லையே."

"படிக்கச் சொல்லி யாரு கேட்டா?"

எங்கள் துறையில் இதுதான் வழக்கம். என் ஆயிரத்து இருநூறில் குறைந்தது ஆயிரம் அப்படி வந்தவைதான். ஸ்டெல்லா தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையில் கொடுத்தாள். தரைத்தளத்தில் இருக்கும் மேற்கோள் பதிவாளர் நூருல்லாவிடம் கொண்டுபோனேன். எந்த மேற்கோளையும் அவர் உரக்கப் படித்துக்காட்டி, மூல ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் முத்திரை வைப்பார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"'விழிப்பை உண்டாக்கும் நொதி வெள்ளெலியில் ஏற்கெனவே கண்டறியப்பட்டுள்ளது.' சம்மதமா மேடம்?"

ஆய்வகத்து ரத்தம் என்றாலே வெள்ளெலி என்று எழுதுவது ஸ்டெல்லாவின் கைப்பழக்கம். முத்திரை விழுந்துவிட்டால் மேற்கோளில் எழுதியிருப்பதுதான் உண்மை. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஐம்பத்தேழு.

"திருத்திக் கொண்டுவந்தா?" என்றேன்.

"புதுப் பக்கம்னா திங்கக்கிழமைதான். கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் உங்களாலயும் மாத்த முடியாது, அவங்களாலயும் முடியாது. பத்திரிகை ஆசிரியர் மட்டும்தான் மாத்தலாம்."

திங்கட்கிழமை வரை அறவாழியால் விழித்திருக்க முடியாது. மூன்றரை வரைகூட முடியாது. வாழ்க்கையில் நான் அப்படிப் பயந்ததில்லை. கையெழுத்துப் போட்டேன். இரண்டு ஐம்பத்தொன்பதுக்கு முத்திரை விழுந்தது.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். கட்டிலில் அவருடைய வேட்டியும் பனியனும் தட்டையாகக் கிடந்தன. பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். பத்து நிமிடம் எதுவும் அசையவில்லை. பிறகு வேட்டி மடிப்பு லேசாகத் தூக்கிக்கொண்டது. அதற்குள்ளிருந்து அவர் வெளியே வந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மணி என்ன?" என்றார்.

"மூணரை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்தார். கனமே இல்லை.

"ஏன் அழறே? அதான் எழுந்துட்டேன்ல," என்றார்.

தொலைபேசி அடித்தது. ஸ்டெல்லா.

"பத்திரிகை ஆசிரியர் இப்பத்தான் பேசினார் தாட்சா. கட்டுரையில எலி ரொம்ப வருதாம். உன் வரியில மட்டும் புறான்னு மாத்திட்டாராம். மேற்கோள் அப்படியேதான் இருக்கு, பயப்படாதே."

"சரி," என்றேன்.

அவரைத் தலையணையில் இறக்கிவிட்டு எழுந்துபோய், ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினேன்.