வகுபடாத எண்

மீனாட்சி அக்கா வரவேற்பறைச் சுவரில் அந்தச் செப்புத் தகட்டை மாட்டிய அன்றே பிரமிளாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தகட்டில் 1000009 என்று ஓர் எண் மட்டும் பொறித்திருந்தது. எதனாலும் அதை மீதியில்லாமல் வகுக்க முடியாதாம். அதனால் அது இருக்கும் வீட்டில் கணவன் மனைவி பிரிய மாட்டார்களாம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய சந்தில் மாடியறை ஒன்றில் எண்கணிதம் பார்க்கும் கார்த்திகேசு அப்படிச் சொல்லி விற்றிருந்தார். அக்காவின் கணவர் தங்கராஜு கடலுக்கு எதிர்க்கரையில் உள்ள பிறை என்ற ஊரில் தனியாக அறை எடுத்துப் போய் மூன்று மாதமாகியிருந்தது.

அக்கா வீட்டிலேயே தங்கியிருந்த பிரமிளா தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டாள். கைப்பேசியில் தேடினாள். முதலில் வந்ததே கார்த்திகேசுவின் சொந்தப் பக்கம்தான்; ‘பகா எண்’ என்று அவரே சான்று கொடுத்திருந்தார். அவள் சந்தேகம் இன்னும் கூடியது.

ஆயிரம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்பது பள்ளியில் படித்த நினைவு. ஏழால் வகுத்தால் மீதி மூன்று. பதினொன்றால் வகுத்தால் பத்து. வேலைக்குப் போகும் ஃபெரிப் படகிலும் சாப்பாட்டு வேளையிலும் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அறுபத்திரண்டாவதாக வந்த 293-இல் மீதியே இல்லை. 3413 என்று சுத்தமாக விடை நின்றது.

அக்காவையும் கூட்டிக்கொண்டு மாடியறைக்குப் போனாள். கார்த்திகேசு கணக்குத் தாளைப் பார்த்தார். மறுக்கவில்லை. இதுவரை யாரும் வகுத்துப் பார்த்ததில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, இழுப்பறையிலிருந்து வேறொரு தகட்டை எடுத்தார். அதில் 1000003 என்றிருந்தது.

“இத வகுத்துப் பாருங்க தங்கச்சி. முடிஞ்சா காசத் திருப்பித் தர்றேன்.”

அவர் அவ்வளவு நிதானமாகச் சொன்னதுதான் அவளை உறுத்தியது. இதிலும் ஏதோ இருக்கிறது என்று உறுதியாக நம்பினாள். மொத்தம் நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்கள். நான்கு நாள் பிடித்தது. ஒன்றும் வகுக்கவில்லை. எதையாவது விட்டிருப்போமோ என்று பட்டியலைச் சரிபார்த்து, முதலிலிருந்து மறுபடி வகுத்தாள். அப்போதும் வகுபடவில்லை.

சனிக்கிழமை காலை தங்கராஜு ஒரு வேனோடு வந்தார். தன் துணிமணிகளை ஏற்றினார். மணவிலக்குத் தாளை நீட்டினார். மீனாட்சி கையெழுத்துப் போட்டாள்.

வேன் போன பிறகு, அந்த எண் என்னவாயிற்று என்று அக்கா விசாரித்தாள். வகுபடவில்லை, நிஜமாகவே பகா எண்தான் என்று பிரமிளா தயக்கத்தோடு ஒப்புக்கொண்டாள்.

“நீ அந்த ஆளச் சந்தேகப்பட்ட லா,” என்றாள் மீனாட்சி. “நான் இவரத்தான் சந்தேகப்பட்டேன். பிறையில வேற யாரோ இருக்காங்கன்னு அப்பவே தெரியும். கேக்கத்தான் தைரியமில்ல.”

பிரமிளாவுக்கு இத்தனை நாளும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அக்காவிடம் ஒரு கேள்விகூடத் தான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மீனாட்சி நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.